புதிதாகப் பிக்கப் வாங்கியவர்களுக்கு: பின்தொட்டிச் சாமான்களைக் காப்பாற்றும் வழிகள்

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் ஒட்டுக்கடையில் காலை எட்டு மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிட உட்கார்ந்தேன். வண்டி கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் நின்றது, ஆனால் முகப்பு என் பக்கம், தொட்டியின் பின்பலகையான டெயில்கேட் சாலைப் பக்கம். இருபது நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். கெப்போங்கில் வேலை இடத்துக்குப் போய்த் திறந்து பார்த்தால் சுவர் துளைக்கும் ரோட்டரி ஹேமர் இல்லை, கேபிள் டெஸ்டர் இல்லை, அப்பா முப்பது வருடம் கையில் பிடித்து, பிடியெல்லாம் வழவழப்பாகிப்போன கிரிம்பிங் பிளையரும் இல்லை. ஹேமரைப் புதிதாக வாங்கிவிடலாம். வாங்கி வேலையைத் திரும்பத் தொடங்க மூன்று நாள் ஆனது, வேலை கொடுத்த வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார், என்னோடு வேலை செய்யும் இரண்டு பையன்களுக்கு அந்த மூன்று நாளும் சம்பளம் கொடுத்தேன். பிளையருக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது.

வயரிங், ஏர்கோன், பிளம்பிங், கேட்டரிங் என்று சொந்தத் தொழில் தொடங்கி முதல் பிக்கப்பை எடுக்கும் நம் தம்பி தங்கைகள் இப்போது நிறைய. ஹைலக்ஸோ டிரைட்டனோ டி-மேக்ஸோ ரேஞ்சரோ நவாராவோ, எதுவாக இருந்தாலும் கம்பெனி கொடுக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் கேபினுக்குத்தான். பின்னால் இருப்பது திறந்த தொட்டி, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டதை எந்த வரிசையில் செய்தால் நல்லதோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒன்று மனதில் இருக்கட்டும். உடைக்க முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் ஒன்று கையில் இருந்தால் எந்தப் பூட்டையும் அறுக்கலாம். ஆனால் திருடனுக்கு வேண்டியது குறைந்த நேரம், குறைந்த சத்தம், கையில் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்கு எடை. இந்த மூன்றையும் அவனுக்குக் கெடுப்பதுதான் நம் வேலை. அதற்கு ஒரே பெரிய பூட்டைவிட, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு தடைகள் நல்லது.

காசு செலவழிக்கும் முன்

ஒரு சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து பாருங்கள். டெயில்கேட் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பல வண்டிகளில், முக்கியமாகப் பழைய மாடல்களிலும் குறைந்த விலை மாடல்களிலும், ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவும் பூட்டும், டெயில்கேட் மட்டும் பூட்டாது, அதற்குத் தனியாகச் சாவி போட வேண்டும். இது தெரியாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அன்றைக்கு அந்தச் சாவியைத் திருப்பவில்லை.

அப்புறம் வண்டியை நிறுத்தும் முறை. பின்பக்கத்தைச் சுவருக்கோ தூணுக்கோ ஒட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு ரிவர்ஸில் நிறுத்தினால் டெயில்கேட்டை இறக்கவும் முடியாது, தொட்டியின் மேல் கூரைபோல் பொருத்தும் கேனோப்பி இருந்தால் அதன் கதவைத் தூக்கவும் முடியாது. ஒரு காசு செலவில்லை. கொண்டோ பார்க்கிங்கில் எனக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பின்னால் சுவர் இல்லை, காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் பேசிப் பக்கத்து வரிசையில் ஒருவரோடு இடம் மாற்றிக்கொண்டேன். சாப்பாட்டுக் கடையில் நிறுத்தும்போது டெயில்கேட் உங்கள் மேசையைப் பார்த்து இருக்கட்டும். பத்துமலைத் தைப்பூச நேரம்போல் கூட்டத்தில் எங்கோ தூரத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டிய நாளில், வேலைச் சாமானை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போவதுதான் சரி.

இரவு சாமான் வண்டியில் தங்கவே கூடாது என்பது என் கொள்கை. முடியாதவர்கள் விலை அதிகமுள்ள நான்கைந்து சாமானையாவது கைப்பிடி உள்ள ஒரு பெட்டியில் தனியாக வைத்து, அதை மட்டும் மாடிக்குத் தூக்கிப்போங்கள். பவர் டூல் பேட்டரிகளை எப்படியும் எடுத்துவிடுவது நல்லது. நம் ஊர் வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும், லித்தியம் பேட்டரிகளை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று டூல் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள்.

டெயில்கேட்

செலவு செய்ய வேண்டிய முதல் இடம் இதுதான். ரிமோட்டோடு சேர்ந்து பூட்டும் மோட்டார் பூட்டு வெளியில் கிடைக்கிறது, கதவுப் பூட்டின் வயரில் இணைத்துவிடுவார்கள், அரை நாள் வேலை. மறந்துபோகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

ஆனால் பூட்டு மட்டும் போதாது. பல பிக்கப்களில் டெயில்கேட்டையே கழற்றிக்கொண்டு போய்விடலாம். பாதி இறக்கி, இரண்டு பக்க வயர்க்கயிற்றையும் கொக்கியிலிருந்து விடுவித்து, ஒரு பக்கத்தைத் தூக்கினால் கீல் அதன் பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடும், அப்புறம் மறுபக்கத்தைப் பக்கவாட்டில் உருவ வேண்டியதுதான். தெரிந்தவனுக்கு ஒரு நிமிட வேலை. உங்கள் வண்டியில் அப்படி வருகிறதா என்று நீங்களே ஒரு முறை கழற்றிப் பாருங்கள், ரிவர்ஸ் கேமரா இருந்தால் அதன் வயரைக் கவனித்துக்கொண்டு. வந்தால், தூக்கி எடுக்கும் பக்கத்துக் கீலைச் சுற்றி ஒரு ஸ்டீல் ஹோஸ் கிளிப்பை மாட்டி இறுக்கிவிடுங்கள், ரேடியேட்டர் குழாய்க்குப் போடுவார்களே, அதே கிளிப். பள்ளத்தின் வாய் அடைபட்டுவிடும், கீல் வெளியே வராது. திருகின் தலை உள்பக்கம் திரும்பி இருக்கட்டும், டெயில்கேட் மூடியிருக்கும்போது யாரும் ஸ்க்ரூடிரைவர் வைக்க முடியாது.

மூடியா கேனோப்பியா

துணி அல்லது வினைல் மூடி மழைக்கும் கண்ணுக்கும் மறைப்பு, கத்திக்கு அல்ல. பெயிண்டர்போல டின்னும் பிரஷ்ஷும் ஏற்றுகிறவர்களுக்கு அது போதும். அலுமினியப் பட்டைகளால் ஆன ரோலர் மூடியும், ஒரே பலகையாகத் திறக்கும் கெட்டி மூடியும் நடுத்தரம். டெயில்கேட் பூட்டியிருந்தால்தான் இவற்றுக்கு மதிப்பு, ஏனென்றால் டெயில்கேட்டை இறக்கிவிட்டால் மூடியின் பூட்டு பல மாடல்களில் கைக்கு எட்டிவிடும். ரோலர் சுருண்டு உட்காரும் டப்பா தொட்டியின் முன்பக்கத்தில் கொஞ்சம் இடம் எடுக்கும். டபுள் கேப் தொட்டி நீளமே சுமார் ஒன்றரை மீட்டர்தான், வாங்கும் முன் உங்கள் ஏணியையும் பைப்பையும் அளந்து பாருங்கள்.

கேனோப்பி போடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபைபர் கேனோப்பி பார்க்க அழகு, ஆனால் அதன் பலவீனம் ஜன்னல். பக்கக் கண்ணாடிகளை ரப்பர் பட்டை பிடித்திருக்கும், கத்தியால் ரப்பரைச் சுற்றி அறுத்தால் கண்ணாடி உடையாமலே, சத்தமில்லாமலே முழுசாகக் கையோடு வந்துவிடும். இழுத்துத் திறக்கும் மாதிரியாக இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் கொக்கி. இதற்கு மருந்து, ஜன்னலுக்கு உள்பக்கம் இரும்பு வலை. வெல்டிங் பட்டறையில் ஜன்னல் அளவு கொடுத்தால் கம்பி வலையைச் சட்டத்தில் அடித்துக் கொடுப்பார்கள், அதை உள்ளிருந்து போல்ட் போட்டுப் பொருத்துங்கள். திருடன் கண்ணாடியை எடுத்துவிட்டாலும் கை மட்டும்தான் போகும், டிரில் பெட்டி வெளியே வராது.

பின்கதவில் இருக்கும் டி வடிவக் கைப்பிடிப் பூட்டு இன்னொரு பலவீனம். அதன் சாவி மெலிதானது, சாவி எண்களும் சில மட்டுமே மாறி மாறி வரும், அதனால் பக்கத்து வண்டிச் சாவியே உங்கள் கேனோப்பியைத் திறந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவரைச் சொருகி முறுக்கினால் உள்ளே இருக்கும் மென்மையான உலோகம் உடைந்துவிடும். எனக்கு நடந்தது இதுதான். கைப்பிடி வெளிப்பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது, சாவி நுழையும் இடத்தின் உதட்டில் மட்டும் அரிசி அளவுக்கு ஒரு வெடிப்பு, பெயிண்ட் கொஞ்சம் உரிந்திருந்தது. டெயில்கேட்டையும் பூட்டாமல் விட்டதால் அவ்வளவு போதுமாக இருந்தது. இப்போது கதவின் கீழ்ப்பகுதியிலும் டெயில்கேட்டின் மேல் விளிம்பிலும் இரண்டு இரும்புக் காதுகள் வைத்து, நடுவில் தனிப் பூட்டு போடுகிறேன். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வெளியில் பெரிய பூட்டு தெரிவதே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும்.

கேனோப்பி தொட்டியின் விளிம்பில் சில கிளாம்புகளால்தான் உட்கார்ந்திருக்கும், அவை உள்பக்கம் இருக்கின்றனவா, இறுக்கமாக இருக்கின்றனவா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். கேனோப்பியோ வேறு பெரிய மாற்றமோ செய்யும் முன், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டுமா என்று பொருத்துகிற கடையிலும் ஜேபிஜேயிலும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டிடமும் சொல்லி அதன் மதிப்பைப் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள்.

தொட்டிக்குள் ஒரு இரும்புப் பெட்டி

கேனோப்பி திறந்தாலும் அடுத்த தடை வேண்டும். தடித்த இரும்புத் தகட்டுப் பெட்டி ஒன்று, மூடியின் விளிம்பு கீழே மடங்கியதாக, நெம்புகோல் நுழைய இடமில்லாததாகப் பாருங்கள். கீல் வெளியில் தெரிகிறது என்றால் அதன் ஊசியைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம், ஊசியின் இரண்டு முனையிலும் ஒரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியைத் தொட்டியில் பொருத்துவதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பக்கத்திலிருக்கும் கயிறு கட்டும் வளையங்களில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். அந்த வளையத்தைப் பிடித்திருப்பது ஒரு சாதாரண போல்ட், ஸ்பேனர் இருந்தால் கழன்றுவிடும். பெட்டிக்கு உள்ளிருந்து தொட்டியின் தரை வழியாகக் கீழே போல்ட்டை இறக்கி, தலை பெட்டிக்கு உள்ளே இருக்கும்படி, நான்கு மூலையிலும் போடுங்கள். கீழே வெறும் வாஷர் போதாது, உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்றை வைத்து நட்டை இறுக்குங்கள். சின்ன வாஷர் என்றால் நெம்பும்போது மெலிந்த தரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். கீழே இருக்கும் நட்டை யாராவது படுத்துக்கொண்டு கழற்றலாமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நட்டை இறுக்கிய பிறகு போல்ட் முனையைச் சுத்தியலால் அடித்து நசுக்கிவிடுவது.

துளை போடும் முன் வண்டிக்குக் கீழே டார்ச் அடித்துப் படுத்துப் பாருங்கள். எண்ணெய்த் தொட்டி, பிரேக் குழாய், வயர்க் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துளை போட்டதும் விளிம்பில் துரு தடுக்கும் பிரைமர் பூசி, காய்ந்த பிறகே போல்ட் போடுங்கள், இல்லையென்றால் நம் மழைக்கு ஓராண்டில் அந்த இடம் துருப்பிடித்து உப்பிவிடும். துளையைச் சுற்றிச் சிலிக்கான் தடவுங்கள், ஆனால் தொட்டியில் தண்ணீர் வடிய ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள்.

பூட்டு வாங்கும்போது

பூட்டின் உடம்பு பெரிதாக இருப்பதில் ஒன்றுமில்லை, வளைகம்பியைப் பாருங்கள். அது கடினப்படுத்திய போரான் எஃகாக, பத்து மில்லிமீட்டருக்குக் குறையாததாக இருக்கட்டும். பூட்டின் தோள் உயர்ந்து கம்பியின் பெரும்பகுதியை மூடியிருக்கும் வகை இன்னும் நல்லது, போல்ட் கட்டரின் வாய் நுழையாது. பெட்டியில் ஈஎன் 12320 என்று அச்சிட்டிருந்தால் அது பூட்டுகளுக்கான ஐரோப்பியத் தரம், 1 முதல் 6 வரை படிகள், எண் கூடக்கூட வலிமை கூடும். 3 அல்லது 4 நமக்குப் போதும். சங்கிலியும் அதே தடிமனில் வேண்டும், மெலிந்த சங்கிலியில் தடித்த பூட்டு போட்டால் அவன் சங்கிலியைத்தான் வெட்டுவான். வெட்டும்போது கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி உடல் எடையைக் கொடுப்பார்கள், ஆகவே சங்கிலி தொங்கித் தரையைத் தொடாமல் உயரத்தில் இறுக்கமாக இருக்கட்டும்.

ஒரே சாவியில் எல்லாப் பூட்டும் திறக்கும் செட் கிடைக்கும், வசதிதான், ஆனால் அந்தச் சாவியைத் தொலைத்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். உதிரிச் சாவியைக் காந்த டப்பாவில் போட்டு சேசிஸில் ஒட்டி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பூட்டுக்கு எஞ்சின் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டி உள்ளே சேறாகிவிடும். கிராஃபைட் தூளோ, காய்ந்துபோகும் வகை ஸ்ப்ரேயோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் கடல் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு உப்புக் காற்று, மாதா மாதம் போடுங்கள்.

கேபின், ஸ்பேர் டயர்

கேபினுக்குள் பின்சீட்டுக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் இருக்கும். மீட்டர், லேப்டாப், பணப்பை மாதிரி சின்னதும் விலை அதிகமானதுமான பொருள்களுக்கு, இரும்பு வயர்க்கயிற்றோடு வரும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி, கயிற்றைச் சீட்டின் அடிச்சட்டத்தில் சுற்றி மாட்டிவிடுங்கள். கிளவ் பாக்ஸில் வண்டிப் பத்திரங்களை வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். சீட்டில் வெறும் பை கிடந்தாலும் கண்ணாடி உடையும், உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதே. சார்ஜர் வயர் தொங்கினாலும் அதே கதை.

டிண்ட் போடுவதும் உதவும். மலேசியாவில் 2019 மே மாதத்திலிருந்து பின்பக்கக் கண்ணாடிகளுக்கு எவ்வளவு கறுப்பு வேண்டுமானாலும் போடலாம் என்று விதி தளர்ந்தது, முன் கண்ணாடிக்கு 70 சதவீத வெளிச்சமும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிக்கு 50 சதவீத வெளிச்சமும் உள்ளே வர வேண்டும். ஆக பின்சீட்டை முழுசாக மறைத்துவிடலாம்.

சாவி போடாமலே திறக்கும் வகை வண்டியாக இருந்தால், வீட்டில் சாவியை வாசல் பக்கம் மாட்டாமல், சிக்னலைத் தடுக்கும் உறையில் போட்டு உள்ளறையில் வையுங்கள். சாவியின் சிக்னலை வெளியிலிருந்து நீட்டித்து வண்டியைத் திறக்கும் கருவிகள் இருக்கின்றன.

ஸ்பேர் டயர் தொட்டிக்கு அடியில் தொங்குகிறது. பம்பருக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டையில் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கிவிடும், கம்பி இல்லாதவன் டயரைத் தாங்கும் கயிற்றையே வெட்டுவான். ஓட்டையை மூடும் பூட்டும், ரிம்மின் துளை வழியாகச் சேசிஸோடு சேர்த்துப் போடும் ஒரு சங்கிலியும் போதும். இது ஐந்து நிமிட வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

அலாரமும் டிராக்கரும்

வண்டியில் வந்த அலாரத்துக்குக் கேனோப்பிக் கதவு இருப்பதே தெரியாது. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் ஒரு காந்த சுவிட்சைக் கேனோப்பிக் கதவில் வைத்து, கதவு விளக்கு வயரோடு சேர்த்துவிடுவார், அப்புறம் கேனோப்பி திறந்தாலும் ஹாரன் அடிக்கும். வாரண்டி இருக்கும் புது வண்டி என்றால் வயரில் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள், அல்லது பேட்டரியில் ஓடும் தனி அதிர்வு அலாரத்தை ஒட்டி வையுங்கள்.

ஏர்டேக் மாதிரி, இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சின்ன டேக் ஒன்றை விலை அதிகமுள்ள டூல் பெட்டியின் நுரைக்கு அடியில் மறைத்து வைக்கலாம். அது ஜிபிஎஸ் அல்ல, பக்கத்தில் போகும் ஐபோன்களின் வழியாகத் தன் இடத்தைச் சொல்கிறது, கோலாலம்பூரில் ஐபோனுக்குப் பஞ்சமில்லை என்பதால் நன்றாகவே வேலை செய்யும். உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி ஏறக்குறைய ஓராண்டு வரும். ஆனால் மூடிய இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் குறையும், கூடவே திருடன் போனுக்கே 'உங்களோடு ஒரு டேக் பயணிக்கிறது' என்று எச்சரிக்கை போய்விடும். வண்டிக்கு சிம் கார்டு போட்ட ஜிபிஎஸ் டிராக்கர் தனியாக வேண்டும். எந்த டிராக்கர் இடத்தைக் காட்டினாலும் நீங்கள் நேரில் போகாதீர்கள், 999க்கு அழையுங்கள்.

கணக்கு வைத்திருங்கள்

ஒவ்வொரு டூலின் சீரியல் எண்ணையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ரசீதை வாங்கிய அன்றே படம் எடுங்கள், அந்த வழவழப்புத் தாள் டேஷ்போர்டில் கிடந்தால் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். என் ஹேமர் ரசீதுக்கு அதுதான் நடந்தது, போலீஸ் ரிப்போர்ட்டில் சீரியல் எண் எழுதும் இடத்தில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. டூலின் உடம்பில் உங்கள் கடைப் பெயரைச் செதுக்குங்கள், ஐசி (அடையாள அட்டை) எண்ணைச் செதுக்க வேண்டாம். பிளாஸ்டிக்கில் சூடான கம்பியால் எழுதினாலே போதும், பெயர் தெரியும் டூலை விற்பது கஷ்டம்.

வாகன இன்ஷூரன்ஸ் பொதுவாக வண்டிக்குத்தான், உள்ளே இருக்கும் வேலைச் சாமானுக்கு அல்ல. டூல்களுக்குத் தனிப் பாலிசி உண்டா, வண்டியில் இரவு இருந்தால் செல்லுமா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பாதி விலைக்கு யாராவது டூல் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தண்டனைச் சட்டம் 411-ஆம் பிரிவின்படி குற்றம், அதோடு அது நம்மைப்போல ஒருவனின் மூன்று நாள் கூலி.

நடந்துவிட்டால் எதையும் தொடாமல் முதலில் படம் எடுங்கள், பக்கத்து போலீஸ் நிலையத்தில் அன்றே ரிப்போர்ட் செய்யுங்கள், சாவி ஏதாவது போயிருந்தால் அன்று இரவுக்குள் பூட்டுகளை மாற்றுங்கள்.

எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு சோதனை. நம்பிக்கையான ஒருவரிடம், உடைக்காமல் ஐந்து நிமிடத்தில் உள்ளே கை விடுங்கள் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நான் என் மச்சானைக் கூப்பிட்டேன். அவர் பூட்டுப் பக்கமே போகவில்லை. நேராகக் கேபினுக்குப் பின்னால் போய்த் தொட்டி விளிம்பில் ஏறி, கேனோப்பியின் முன்கண்ணாடியை விரலால் தள்ளினார், கேபின் பக்கம் சுத்தம் செய்வதற்காகச் சாய்த்துத் திறக்கும் கண்ணாடி அது, கொக்கி பாதிதான் மாட்டியிருந்தது. கை உள்ளே போனது, மேலே கிடந்த எக்ஸ்டென்ஷன் வயர் வெளியே வந்தது. மறுநாள் காலையில் அதற்கும் வலை அடிக்கப் பட்டறைக்குப் போனேன்.